பச்சைச் சாக்கு

காலி லாரியைப் பார்த்தால் முகம் சுண்டிப்போகிற மனுஷியாக என் வாழ்நாளில் நான் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன். எம். புதுப்பட்டியில் நான் டிஸ்பாட்ச் பார்த்த பட்டாசுக் கம்பெனிக்கு பர்ச்சேஸ் மேனேஜராக வந்தவர் அவர். விருதுநகர்க்காரர். அவருடைய வாப்பா காலத்திலிருந்து மிளகாய் வத்தல் வியாபாரம் செய்யும் குடும்பம். அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள். ஒருநாள் அவருடைய தம்பி கம்பெனி வாசலில் நின்று "லாத்தா" என்று கூப்பிட்டதைக் கேட்டதிலிருந்து, முதலாளி தொடங்கி வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் லாத்தா ஆகிவிட்டார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஐம்பதை நெருங்கிய வயது. கனத்த உடம்பு. தலையை மூடிய முந்தானை அடிக்கடி நழுவும்; அதை இழுத்து விட்டுக்கொண்டே பேசுவார். ஒரு வேடிக்கையைச் சொல்லத் தொடங்கினால் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். பாதி வேடிக்கைகளின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிவகாசியிலிருந்து அட்டைப்பெட்டி கொண்டுவந்த லாரி ஒன்று சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. லாத்தா குறுக்கே வந்து நின்றார்.

"இது எங்கன போகுது தம்பி?"

"சிவகாசிக்கு லாத்தா. பொட்டி இறக்கியாச்சு, திரும்பிப் போகுது."

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வெறும் வண்டி."

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது போல என்னைப் பார்த்தார். "எங்க உம்மா பக்கத்து வீட்டுக் கிண்ணத்தக்கூட வெறுசா திருப்பிக் குடுக்க மாட்டாக. ரெண்டு பேரீச்சம்பழமாவது போட்டுத்தான் குடுப்பாக. இம்புட்டுப் பெரிய வண்டிய வெறுசா அனுப்புறீகளே, கூச்சமா இல்லையா உங்களுக்கு?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கூச்சமாக இல்லை. ஒரு லாரிக்காக என்னை யாரும் அதற்கு முன் கூச்சப்படச் சொன்னதில்லை. ஆனால் அவர் விடவில்லை. எங்கள் கம்பெனியில் பட்டாசுக் குழாய் சுற்றும்போது விழும் காகிதக் கழிவு பின்பக்கம் குவிந்து கிடக்கும். பழைய பேப்பர்காரர் மனது வந்தால் வருவார், இல்லையென்றால் இல்லை. வெடிமருந்து புழங்கும் இடத்தில் காய்ந்த காகிதம் மலையாகக் கிடப்பதைப் பார்த்து ஃபோர்மேன் தினமும் என்னைத்தான் திட்டுவார். லாத்தா அதையெல்லாம் மூட்டை கட்டி அந்த லாரியில் ஏற்றச் சொன்னார். டிரைவர் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"பொட்டி ஏத்துற வண்டியில குப்பைய ஏத்துறீகளேம்மா?"

"இது இன்னைக்குக் குப்பை அண்ணாச்சி. அட்டை மில்லுல போட்டா திரும்ப நீங்கதான் பொட்டியா எடுத்துட்டு வரப் போறீக."

அப்படித்தான் நடந்தது. அட்டைப்பெட்டிக் கம்பெனிக்காரர் எங்கள் கழிவை மில்லில் கொடுத்துவிட்டு, பெட்டி விலையில் குறைத்துக்கொண்டார். போகவும் வரவும் லோடு கிடைத்ததால் லாரிக்காரர் வாடகையைக் குறைத்தார். பின்பக்கம் சுத்தமாகிவிட்டது, ஃபோர்மேன் என்னைத் திட்டுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று. அந்த சீசன் முடிவில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "என்னப்பா, போன வருஷம் வித்த அளவுதான வித்திருக்கோம், கையில கொஞ்சம் கூட நிக்குதே" என்று சந்தேகமாகக் கேட்டார். திருட்டுக் கொடுத்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

லாத்தாவின் இந்தப் பழக்கம் லாரியோடு நின்றிருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம். மனிதர்களையும் அவர் வெறுங்கையோடு விடமாட்டார். லைசென்ஸ் வேலையாக நான் சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்குப் போனால், போகும்போது லேபுக்குக் கொடுக்க வேண்டிய சாம்பிள், வரும்போது அவர் தம்பி கடையிலிருந்து கேன்டீனுக்கு மிளகாய் வத்தல். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் தும்மினார்கள்.

அலுமினியப் பொடி வரும் டிரம்களின் கதை தனி. காலியான டிரம்மை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தண்ணீர் பிடித்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. லாத்தா ஒவ்வொரு டிரம்மாகத் தேடி மீட்டார். கணக்குப்பிள்ளை வீட்டுக்கே நேரில் போய், டிரம்மில் இருந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, கையோடு வாங்கிப்போன புது பிளாஸ்டிக் டிரம்மை அந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தார். கணக்குப்பிள்ளையின் மனைவி ஒரு மாதம் அவரைத் திட்டினார், பிறகு அவரோடு சேர்ந்து துணி எடுக்க விருதுநகர் போனார். மீட்ட டிரம்கள் எல்லாம் பொடி சப்ளை செய்கிறவருக்கே திரும்பிப் போயின. அவர் அவற்றைக் கழுவிக் காயவைத்து மறுபடி நிரப்பி அனுப்பினார்.

டிரம்முக்குள் எதையும் போட்டு அனுப்ப முடியாதே, அதற்கும் லாத்தா ஒரு வழி கண்டுபிடித்தார். டிரம் ஏற்றிய வண்டி கிளம்பியதும் ஆபீஸ் போனை எடுப்பார்.

"லாத்தா பேசுறேன். உங்க டிரம் வருது. போன தடவ குடுத்த பொடி ஜோரா எரிஞ்சுச்சு. ஒரு டிரம்ல மட்டும் பொடி கட்டி தட்டியிருந்துச்சு, மூடியப் பாருங்க. வெறும் டிரம்ம அனுப்புறமேன்னு ஒரு சொல்லாவது சேத்து அனுப்புறேன்."

சப்ளையர்களுக்கு இது புதிது. திட்டுவதற்கோ கடன் கேட்பதற்கோ தவிர அவர்களுக்கு யாரும் போன் செய்ததில்லை. அவர்கள் கொடுத்த சரக்கு எப்படி எரிந்தது என்று ஒருத்தர் கூப்பிட்டுச் சொல்வது அவர்களுக்குப் பிடித்துப்போனது. ஒரு சீசனில் அலுமினியப் பொடிக்குப் பெரிய தட்டுப்பாடு. அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் ஆட்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க, எங்களுக்கு மட்டும் லோடு வந்து இறங்கியது. அன்றைக்கு நான் கேட்டில் நின்று வண்டியை உள்ளே விட்டபோது ராஜா மாதிரி நின்றேன். அந்தச் சந்தோஷத்தை மறைத்துப் பேச எனக்கு இப்போதும் தெரியவில்லை.

விருதுநகரில் எம்.பி.ஏ. படிக்கும் பெண் ஒருத்தி புராஜெக்ட் செய்ய வந்தாள். பசுமை விநியோகச் சங்கிலி நடைமுறைகள் நிறுவனத்தின் செயல்திறனை எப்படிப் பாதிக்கின்றன என்பது அவளுடைய தலைப்பு. லாத்தா அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, கேட்காததற்கும் சொன்னார். அவள் போனதும் நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"தம்பி, நாம செய்யிற வேலைக்குப் பேரு இருக்காம். கிரீன் சப்ளை செயினாம். காலேஜுல பாடமா வச்சிருக்காக."

அந்த வாரம் முழுக்க யார் எதிரே வந்தாலும் இதைச் சொன்னார். குழாய் சுற்றும் பெண்களிடம் சொன்னார். பால்காரரிடம்கூடச் சொன்னார்.

இனி நான் சொல்லப்போவது அவரை வீட்டுக்கே அனுப்பப் பார்த்த சம்பவம். அது பச்சை என்ற ஒரு சொல்லால் வந்தது.

பேரியம் என்று படித்தவர்கள் சொல்லும் பொருளுக்கு எங்கள் வட்டாரத்தில் பச்சை உப்பு என்று பெயர். எரிந்தால் பச்சை வெளிச்சம் கொடுக்கும். பட்டாசில் இனி அது கூடவே கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. இப்போது பாருங்கள் வேடிக்கையை. பச்சைப் பட்டாசில் பச்சை உப்பு இருக்கக் கூடாது. ஊரில் பாதிப் பேருக்கு இது தலை சுற்றியது. நாங்கள் பச்சை உப்பை அடியோடு நிறுத்தியிருந்தோம். ஆனால் அது வந்த பழைய சாக்குகள் மட்டும் கோடவுனின் ஒரு மூலையில் கிடந்தன.

தீபாவளி நெருங்கும் நேரம். வெடியுப்பு அரைத்துத் தரும் சாத்தூர் ரோட்டு சப்ளையர் சாக்கு வேண்டும் என்று கேட்டார். லாத்தா போகிற போக்கில் கோடவுன் குருசாமியிடம், "அண்ணே, பச்சைச் சாக்க எல்லாம் எடுத்து வெடியுப்பு வண்டியில ஏத்திவிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பச்சைப் பட்டாசுக்கான வெடியுப்பு வந்த நல்ல சாக்குகளைத்தான் அவர் சொன்னார். பச்சை உப்புச் சாக்கு என்று குருசாமி புரிந்துகொண்டார். வருஷக்கணக்காக அந்தக் கோடவுனில் பச்சை என்றால் அது ஒன்றுதான். மூலையில் கிடந்த சாக்குகளை உதறி, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று உள்புறத்தை வெளியே திருப்பி, ஒழுங்காகக் கட்டி ஏற்றிவிட்டார். அதில் வெடியுப்பு நிரம்பி எங்களுக்கே திரும்பி வந்தது. அதை வைத்துப் புஸ்வாணம் செய்து பெட்டியும் கட்டிவிட்டோம்.

மதுரையில் எங்களிடம் மொத்தமாகச் சரக்கு எடுக்கும் பெரிய கடைக்காரருக்கு அந்தப் புஸ்வாணம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தபோது ஆபீஸ் போன் அடித்தது. வெடியுப்புக்காரர். நான்தான் எடுத்தேன். லாத்தாவைக் கூப்பிடச் சொன்னார்.

லாத்தா வந்து ரிசீவரைக் காதில் வைத்தார். கேட்கக் கேட்க முந்தானை நழுவியது, அவர் அதை இழுத்து விடவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மிச்சம் இருந்த ஒரு சாக்கு கிழிஞ்சிருக்கு தம்பி. திருப்பிப் பாத்தா உள்ள பேரியம்னு அச்சடிச்சிருக்காம். ஒவ்வொரு தடவையும் எரிஞ்ச கதைய நீங்க கூப்பிட்டுச் சொல்லுறீக, உங்ககிட்ட எப்படி மறைக்கிறதுன்னு அழுகுறாரு மனுசன்."

லோடை நிறுத்தினோம். முதலாளியும் அவருடைய தம்பி சின்ன முதலாளியும் வந்தார்கள். சின்ன முதலாளிக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

"சாக்குல ஒட்டியிருந்த தூசிதான லாத்தா? யாரு கண்டுபிடிக்கப் போறா? வண்டிய விடச் சொல்லுங்க."

"கடையில ஒரு பொட்டி சாம்பிள் எடுத்தாகன்னா போதும் தம்பி. லைசென்ஸ் போயிரும். இங்கன வேலை பாக்குற அம்புட்டுப் பேரும் தீபாவளிக்கு வீட்ல உக்காரணும்."

"அப்ப இந்தச் சாக்க அனுப்பினது யாரு?"

குருசாமி ஓரமாக நின்றிருந்தார். "லாத்தாதான் பச்சைச் சாக்குன்னு சொன்னாக" என்றார் மெதுவாக.

"ஆமா, நாந்தான் சொன்னேன்" என்றார் லாத்தா. "எந்தப் பச்சைன்னு நான் சொல்லியிருக்கணும். அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

முதலாளி லாரியைப் பார்த்தார். "மதுரைக்கு வெறும் வண்டியவா அனுப்பச் சொல்லுறீக?" என்று கேட்டார்.

"வெறுசாவே போகட்டும் முதலாளி" என்றார் லாத்தா. அந்த வாயிலிருந்து அப்படியொரு சொல்லை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அடுத்த நிமிஷமே, "இல்ல, நான் ஏறிப் போறேன். கடைக்காரருகிட்ட நேர்ல சொல்லணும்" என்று லாரியில் ஏறிவிட்டார். மதுரை லாரி டிரைவர் அண்ணாச்சி சீட்டில் கிடந்த துண்டை அவசரமாக எடுத்து உதறினார்.

மதுரையில் கடைக்காரர் கத்தித் தீர்த்திருக்கிறார். பிறகு, "மழை, லேபர் வரலன்னு ஏதாச்சும் சாக்குச் சொல்லியிருக்கலாமே, உள்ளதச் சொல்ல இம்புட்டுத் தூரம் வந்தீகளாக்கும்?" என்று கேட்டாராம். சாக்கால் வந்த வினைக்கு இன்னொரு சாக்கு வேறா என்று லாத்தா சொல்லியிருக்கிறார். கடைக்காரர் சிரித்துவிட்டார். ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். வெள்ளிக்கிழமைக்குள் லேப் ரிசல்ட்டோடு சரக்கு வந்தால் இறக்கிக்கொள்வேன், இல்லாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு, இனி எப்போதும் வேறு கம்பெனிக்கு என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வந்தால் இங்கே சின்ன முதலாளி ஒரு முடிவோடு இருந்தார். சாக்கு, டிரம் என்று எதையும் இனித் திருப்பி அனுப்ப வேண்டாம், எல்லாம் புதிதாகவே வாங்கலாம் என்றார். லாத்தா ஒத்துக்கொள்ளவில்லை.

"தப்பு என் வாயில முதலாளி. வழியில இல்ல. அடுத்த வெடியுப்பும் நம்ம சாக்குலதான் வரணும். நான் நின்னு பாத்து அனுப்புறேன்."

"சாம்பிள்ல பேரியம் வந்துச்சுன்னா?" என்று கேட்டார் முதலாளி.

"வந்துச்சுன்னா நான் விருதுநகர் போயி வத்தல் யாவாரம் பாக்குறேன்."

முதலாளி தலையாட்டினார். அதில் விளையாட்டு இல்லை என்று எங்களுக்குத் தெரியும். பேரியம் கலந்த புஸ்வாணத்தை முறைப்படி அழிக்கத் தனியாக எடுத்து வைத்தாயிற்று. கம்பெனி ஒரு நஷ்டத்தைத் தாங்கும், இன்னொன்றைத் தாங்காது.

லாத்தாவும் குருசாமியும் கோடவுனில் உட்கார்ந்து ஒவ்வொரு சாக்கையும் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார்கள். பச்சை என்ற பேச்சே இனி வேண்டாம் என்று, மிளகாய் மண்டியில் முதல் தர மூட்டைக்குக் கட்டும் சிவப்புக் கயிற்றைத் தம்பி கடையிலிருந்து வரவழைத்து நல்ல சாக்குகளுக்குக் கட்டினார் லாத்தா. பசுமைப் பட்டாசுக்குச் சிவப்புக் கயிறு. குருசாமிக்கு அன்றுதான் சிரிப்பு வந்தது. அந்தச் சாக்குகளில் வெடியுப்பு வந்தது. ஆட்கள் இடுப்பொடிய வேலை செய்தார்கள். புதுப் புஸ்வாணத்தில் சாம்பிள் எடுத்து லேபுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை. ரிசல்ட் வராமல் வண்டியை உள்ளே விடக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டதால் மதுரை லாரி கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் நின்றது. நான் ஆபீஸில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாத்தா கோடவுனில் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் அடித்தது. லேபில் இருந்தவர் சாவகாசமாகப் பேசினார். பேரியம் துளியும் இல்லை என்று மட்டும் என் காதில் விழுந்தது. நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

பட்டாசுக் கம்பெனிக்குள் ஓடக் கூடாது. சத்தம் போடவும் கூடாது. ஒருத்தர் ஓடினால் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று மற்ற எல்லோரும் ஓடுவார்கள், நெரிசலில் உயிர் போகும். வேலைக்குச் சேரும் அன்றே சொல்லித் தரும் முதல் பாடம் அது. ஆகவே நான் நடந்தேன். கால் இரண்டும் தனியாகப் பறக்கப் பார்க்க, அவற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். குழாய் சுற்றும் ஷெட்டில் பெண்கள் என் முகத்தைப் பார்த்ததுமே கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு கிழவி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கோடவுன் வாசலில் லாத்தா என்னைப் பார்த்தார்.

"பாஸா?" என்று உதட்டை மட்டும் அசைத்தார். தலையாட்டினேன்.

உடனே கேட்டைப் பார்த்துக் கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே நடந்தேன். அந்தக் கனத்த உடம்பு அவ்வளவு வேகமாக நடக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவே ஏதோ ஒன்று. முந்தானையை ஒரு கையால் தலையோடு பிடித்திருந்தார். ஷெட் ஷெட்டாகக் கடந்தோம்; ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். எதிரே வந்த சின்ன முதலாளி ஒதுங்கி வழிவிட்டார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

கேட்டைத் தாண்டி ரோட்டில் கால் வைத்ததும் லாத்தா ஓடினார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாத காலோடு, அந்த வெயிலில், லாரியைப் பார்த்து ஓடினார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணாச்சி அலறிப் புடைத்து எழும்படி வண்டிக் கதவை இரண்டு கையாலும் தட்டினார்.

"எந்திரிங்கண்ணாச்சி, வண்டிய உள்ள விடுங்க" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "லோடு இருக்கு."